யாரிடம் அனுமதி கேட்பது? பதிப்புரிமையும் இணையவழிப் பண்பாட்டு அணுகலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகர்கள், ஆவணக் காப்பாளர்கள், ஆசிரியர்கள், விக்கிப்பீடியா போன்ற திட்டங்களின் பங்களிப்பாளர்கள், தம் குடும்பமோ சமூகமோ விட்டுச்சென்ற பழைய நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் ஏற்ற விரும்புபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆகவே இவற்றைப் பொதுவான விளக்கங்களாகக் கொண்டு, குறிப்பிட்ட ஒரு படைப்பைப் பற்றி முடிவெடுக்கும் முன் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிப்புரிமை எதைக் காக்கிறது? பதிவு செய்தால்தான் கிடைக்குமா?

ஒருவர் தம் சொந்த உழைப்பாலும் கற்பனையாலும் உருவாக்கிய எழுத்து, இசை, ஓவியம், ஒளிப்படம், திரைப்படம், கணினி நிரல் போன்றவற்றின் வெளிப்பாட்டு வடிவத்தைப் பதிப்புரிமை காக்கிறது. அதன் அடியில் உள்ள கருத்து, வரலாற்றுச் செய்தி, கலைப் பாணி ஆகியவை எவருக்கும் தனியுடைமை அல்ல. பதிவு தேவையில்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமாக 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை 1908இல் பெர்லினில் திருத்தப்பட்டபோது, பதிவு, முத்திரை போன்ற எந்த நடைமுறையையும் உரிமைக்கு முன்நிபந்தனையாக வைக்கக் கூடாது என்ற விதி அதில் சேர்ந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்களாக உள்ளன.

வசதியோ செல்வாக்கோ இல்லாத எழுத்தாளருக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் விற்பனைக்காக எழுதப்பட்ட புதினத்துக்குக் கிடைக்கும் அதே நெடுங்காலப் பாதுகாப்பு, ஒரு சங்கக் கூட்டத்தின் துண்டறிக்கைக்கும், அச்சேறாத நாடகப் பிரதிக்கும், எவரோ எவருக்கோ எழுதிய கடிதத்துக்கும் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. எழுதியவர் அதைக் கேட்டாரா, விரும்பினாரா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு இதுவே ஊற்றுக்கண்.

படைப்பாளரின் உரிமையும் மக்களின் அணுகலும் ஒன்றுக்கொன்று எதிரானவையா?

1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனத்தில் 27ஆவது பிரிவுக்கு இரண்டு பத்திகள் உண்டு. சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கவும் கலைகளைத் துய்க்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது முதல் பத்தி. தம் படைப்பிலிருந்து வரும் நலன்கள் காக்கப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்பது அடுத்த பத்தி. பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மைத்தன்மை குறித்து யுனெஸ்கோ 2005இல் ஏற்ற உடன்படிக்கையும், படைப்புத் தொழிலில் இருப்போரைத் தாங்கி நிற்பதில் அறிவுசார் சொத்துரிமைக்குப் பங்கு உண்டு என்று முகப்புரையிலேயே சொல்கிறது. பேசுவோர் குறைவாக உள்ள ஒரு மொழியில் எழுதுபவருக்குச் சில நூறு பிரதிகளின் உரிமைத்தொகைகூட அடுத்த நூலுக்கான முதலாக அமையக்கூடும்; அவருடைய நூலைக் கேட்காமல் ஏற்றிவிட்டு அதைப் பண்பாட்டுச் சேவை என்று சொல்லிக்கொள்வது முறையல்ல.

இலவசமா, கட்டணமா என்ற வாதத்தில் காலம் கழிக்கும் முன், அனுமதி கேட்பதற்கு ஆள் இருக்கிறாரா, கேட்கப்பட வேண்டியவர் உண்மையில் யார் என்ற இரண்டையும் தீர்த்துக்கொள்வது நல்லது. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்த இரண்டைப் பற்றியதே.

பாதுகாப்பு எவ்வளவு காலம் நீடிக்கிறது?

பெர்ன் உடன்படிக்கை கேட்கும் குறைந்தபட்சக் காலம் படைப்பாளரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும். ஐரோப்பிய ஒன்றியம் 1993இல் இதை 70 ஆக்கியது. அமெரிக்கா 1998இலும், ஜப்பான் 2018இன் இறுதியிலும், கனடா 2022இன் இறுதியிலும் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தன. இந்தியாவில் 60 ஆண்டுகள், மெக்சிகோவில் 100 ஆண்டுகள். 1710இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் ஆன் அரசி சட்டம் புதிய நூலுக்குத் தந்தது 14 ஆண்டுகள்தான்; ஆசிரியர் அப்போதும் உயிரோடு இருந்தால் இன்னொரு 14.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் நீளம் புரியும். 1905இல் பிறந்த ஒருவர் 1930இல் ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டு 1985இல் இறந்தால், 70 ஆண்டுக் கணக்குப்படி அந்தத் தொகுதி 2055இன் கடைசி நாள் வரை பாதுகாப்பில் இருக்கும். வெளியானதிலிருந்து 125 ஆண்டுகள். அதற்குள் உரிமை பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும், அவர்தம் பிள்ளைகளுக்கும் பங்குபங்காகப் பிரிந்திருக்கும். அப்படியொரு சொத்து தம்மிடம் இருப்பதே தெரியாத வாரிசுகள் பலர் இருப்பார்கள்.

ஒரு நாட்டில் காலம் முடிந்துவிட்டால் உலகெங்கும் முடிந்ததாகக் கொள்ளலாமா?

கொள்ள முடியாது. ஒரே நூல் ஒரு நாட்டில் பொது உரிமைப் பரப்புக்கு, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடிய நிலைக்கு, வந்திருக்கலாம், பக்கத்து நாட்டில் இன்னும் இருபது ஆண்டுகள் பூட்டியிருக்கலாம். கோப்பு எந்த நாட்டுச் சேவையகத்தில் இருக்கிறது, ஏற்றுபவர் எந்த நாட்டில் இருக்கிறார், யாரை நோக்கி வெளியிடப்படுகிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் பொறுப்பான காப்பகங்கள் முடிவெடுக்கின்றன.

உரிமையாளர் யார் என்றே தெரியாத பழைய படைப்பை என்ன செய்வது?

இவற்றை அநாதைப் படைப்புகள் என்பார்கள். பதிப்பகம் மூடப்பட்டிருக்கும், ஆசிரியர் புனைபெயரில் எழுதியிருப்பார், ஒளிப்படத்தின் பின்புறம் படக்கூடத்தின் முத்திரை அரைகுறையாக மிஞ்சியிருக்கும். அனுமதி மறுக்க ஒருவரும் இல்லை, கொடுக்கவும் ஒருவரும் இல்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணில் பூட்டு பூட்டுதான்.

இதன் விளைவை எண்ணிக்கையாகவே காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் பால் ஹீல்ட், அமேசானில் புதிய பிரதியாக வாங்கக்கூடிய நூல்களை அவை முதலில் வெளியான பத்தாண்டுகளின்படி வகைப்படுத்திப் பார்த்தார். 1980களில் வெளியான நூல்களைவிட 1880களில் வெளியானவை அதிகமாகக் கிடைத்தன. நூறாண்டு பழைய நூல் பொது உரிமைப் பரப்பில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் மறுபதிப்புச் செய்கிறார்கள். 1980களின் நூலோ விற்பனையிலும் இல்லை, விடுதலையும் பெறவில்லை. ஆங்கிலத்திலேயே நிலைமை இது என்றால், மறுபதிப்புச் சந்தையே இல்லாத மொழிகளில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி எங்கே போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அநாதைப் படைப்புகளுக்கென ஒரு நெறியாணை கொண்டுவந்தது. அதன்படி நூலகமோ காப்பகமோ ஒவ்வொரு படைப்புக்கும் தனித்தனியாக முறையான தேடலை நடத்தி, அதைப் பதிவேட்டில் குறித்த பின்னரே வெளியிடலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகள் கொண்ட ஒரு பெட்டியைப் பிரித்து உட்காரும் காப்பாளருக்கு, ஸ்கேன் செய்ய ஆகும் நேரத்தைவிடப் பலமடங்கு நேரம் வாரிசு தேடுவதில் போய்விடும். அதனால் அந்த வழியைப் பெரும் தொகுப்புகளுக்குப் பெரும்பாலோர் நம்பி எடுக்கவில்லை.

நார்வே வேறு வழியில் போனது. அங்கே தேசிய நூலகமும், எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் ஒருங்கே பிரதிநிதித்துவம் செய்யும் கோபினோர் என்ற அமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த அமைப்பில் உறுப்பினரல்லாதவரின் நூல்களுக்கும் ஒப்பந்தம் செல்லும் என்று சட்டமே விரித்துக் கொடுத்தது. நூலகம் பக்கக் கணக்கில் ஆண்டுதோறும் தொகை செலுத்துகிறது. தம் நூல் வேண்டாம் என்று நினைப்பவர் விலக்கிக்கொள்ளலாம். முதலில் 2000ஆம் ஆண்டு வரை வெளியான நூல்களை எடுத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டால், நார்வேக்குள் இணைய இணைப்பு உள்ள எவரும் அந்நாட்டு நூல்களைத் திரையில் முழுமையாகப் படிக்க முடிகிறது. தனித்தனியே ஆள் தேடும் வேலையை இது ஒரே அடியில் நீக்கிவிடுகிறது, படைப்பாளருக்குப் பணமும் போய்ச் சேருகிறது. நாட்டெல்லைக்கு வெளியே வாழும் நார்வேஜிய வாசகருக்குப் பொதுவாகக் கதவு மூடியே இருப்பது இதன் குறை. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் விற்பனையில் இல்லாத நூல்களுக்காகக் கொண்டுவந்த விதிகள் இதே கூட்டு உரிம முறையைத்தான் பின்பற்றுகின்றன. என் மதிப்பில், சிறிய மொழிகளுக்கு இதைவிட நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடு இதுவரை வரவில்லை.

மொழிபெயர்ப்புக்கும் அனுமதி வேண்டுமா? அது அணுகலோடு எப்படித் தொடர்புடையது?

வேண்டும். மொழிபெயர்ப்பது மூல ஆசிரியரின் தனியுரிமை. எண்ணிம அணுகல் பற்றிய பேச்சில் இது போதிய கவனம் பெறுவதில்லை. கோப்பு திறந்திருந்தாலும் அதன் மொழி தெரியாதவருக்கு அது மூடிய கோப்புதான்.

ஒரு காலத்தில் சட்டம் இதை உணர்ந்திருந்தது. 1896இல் பாரிசில் பெர்ன் உடன்படிக்கைக்குச் செய்த திருத்தத்தின்படி, ஒரு நூல் வெளியாகிப் பத்து ஆண்டுகளுக்குள் குறிப்பிட்ட மொழியில் அதன் மொழிபெயர்ப்பு வெளிவராவிட்டால், அந்த மொழியைப் பொறுத்தவரை ஆசிரியரின் மொழிபெயர்ப்புரிமை அற்றுப்போகும். 1908இல் முழுக்கால உரிமை வந்தபோதும், விரும்பும் நாடுகள் பழைய விதியிலேயே தங்கிக்கொள்ள இடம் விடப்பட்டது. ஜப்பான் 1980 வரை அப்படித் தங்கிக்கொண்டது. 1970க்குள் வெளியாகி, பத்தாண்டுக்குள் ஜப்பானிய மொழிக்கு வராத அயல்நாட்டு நூல்களை அங்கே இன்றும் அந்த விதியின்படி அனுமதியின்றி மொழிபெயர்க்க முடியும்.

1971இல் வளரும் நாடுகளுக்காகப் பெர்ன் உடன்படிக்கையில் ஒரு பிற்சேர்க்கை இணைக்கப்பட்டது. கல்வி, புலமை, ஆய்வு ஆகியவற்றுக்காக, நூல் வெளியாகி மூன்று ஆண்டுகள் ஆன பிறகு கட்டாய மொழிபெயர்ப்பு உரிமம் பெறலாம். வளர்ந்த நாடுகளில் பொதுவழக்கில் இல்லாத மொழியானால் ஓர் ஆண்டே போதும். படிக்கும்போது தாராளமாகத் தெரியும் இந்த விதியை மிகச் சில நாடுகளே பயன்படுத்தியுள்ளன. உரிமையாளரிடம் முதலில் கேட்டு மறுக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது தேடியும் அவர் கிடைக்காதிருக்க வேண்டும், அறிவிப்புக் காலம் கழிய வேண்டும், நியாயமான தொகை தர வேண்டும், அச்சிட்ட பிரதிகளைப் பொதுவாக ஏற்றுமதி செய்யவும் கூடாது. ஒரே மொழி பேசுவோர் பல நாடுகளில் சிதறி வாழும் இணைய உலகுக்கு, கப்பலில் ஏற்றும் பிரதிகளை நினைத்து எழுதிய இந்த விதிகள் பொருந்தவில்லை. அதைத் திருத்த வேண்டும் என்ற அக்கறையும் எங்கும் பெரிதாகத் தென்படவில்லை.

தன்னார்வலர்கள் திரைப்படங்களுக்கு எழுதும் துணையுரைகளும் இதே சிக்கலில் மாட்டுகின்றன. உரிமையாளரின் அனுமதியின்றி அவற்றை உருவாக்கிப் பரப்புவது உரிமை மீறலே என்று 2017இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

விலைகொடுத்து வாங்கிய மின்னூலை நூலகம் அச்சு நூல்போல் இரவல் தர முடியாதா?

அச்சு நூலை விற்றவுடன் அந்தப் பிரதியின் மீது பதிப்பாளரின் பிடி முடிந்துவிடுகிறது. அதைக் கொடுக்கலாம், விற்கலாம், இரவல் தரலாம். மின்னூலில் விற்பனையே நடப்பதில்லை, உரிமம்தான் தரப்படுகிறது. இந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பதை 2009 ஜூலையில் கிண்டில் வாசகர்கள் கண்டார்கள். உரிமையில்லாத ஒரு வெளியீட்டாளர் ஏற்றியிருந்த ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை, வாங்கியவர்களின் கருவிகளுக்குள்ளேயே சென்று அமேசான் நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது என்பது வேறு விஷயம்.

நூலகங்களுக்கான உரிமங்கள் காலக்கெடுவோடும் எண்ணிக்கைக் கெடுவோடும் வருகின்றன. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இல் ஒரு மின்னூல் உரிமத்துக்கு 26 இரவல் என்று வரம்பு வைத்தது. இப்படிப்பட்ட நிபந்தனைகளில், அதிகம் கேட்கப்படும் தலைப்புகளைப் புதுப்பிப்பதிலேயே நூலகத்தின் பணம் கரைந்துபோய், சிறுபான்மை மொழி நூல்களின் முறை வருவதே இல்லை.

நீதிமன்றங்களின் நிலை கலவையானது. ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒரே வாசகருக்குத் தரும் மின் இரவல், அச்சு நூல் இரவலுக்கான விதிக்குள் வரலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016இல் கூறியது. பயன்படுத்திய மின்னூலை உரிமையாளரின் அனுமதியின்றி மறுவிற்பனை செய்ய முடியாது என்று அதே நீதிமன்றம் 2019இல் கூறியது. அமெரிக்காவில், அச்சு நூலை ஸ்கேன் செய்து ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரவல் தந்த இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம், நான்கு பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2023இல் தோற்றது, 2024இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

எண்ணிமப் பூட்டை உடைத்து, சட்டம் அனுமதிக்கும் ஒரு வேலையைச் செய்யலாமா?

பல நாடுகளில் முடியாது. எண்ணிமப் பூட்டு என்பது பிரதி எடுப்பதைத் தடுக்கக் கோப்பிலேயே வைக்கப்படும் தொழில்நுட்பத் தடை. 1996இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை ஒப்பந்தம் பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டது. அமெரிக்கா 1998இல் அதை மிகக் கடுமையாக நிறைவேற்றியது. மேற்கோள் காட்டவோ, பாதுகாப்புப் பிரதி எடுக்கவோ சட்டம் இடம் தந்தாலும், அதற்காகப் பூட்டைத் திறப்பது தனிக் குற்றமாகலாம். அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்குகளைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. காலம் முடிந்து பொது உரிமைப் பரப்புக்கு வந்த படைப்பின் மீதும் பூட்டு மட்டும் அப்படியே கிடக்கும் என்பதை இதை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறதா?

இருக்கிறது, பதிப்புரிமை வரலாற்றில் முழுக்க முழுக்க வாசகர் பக்கம் நின்று எழுதப்பட்ட அரிய ஒப்பந்தம் அது. 2013 ஜூனில் மொராக்கோவின் மராக்கெஷ் நகரில் ஏற்கப்பட்டு, 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா. வெளியாகும் நூல்களில் பத்தில் ஒரு பங்குகூட பிரெயில், ஒலிநூல் போன்ற வடிவங்களில் கிடைப்பதில்லை என்று உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் அப்போது கணித்திருந்தது.

இந்த ஒப்பந்தத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் அனுமதி கேட்காமலேயே அணுகத்தக்க வடிவத்தை உருவாக்கலாம், அதை வேறொரு உறுப்பு நாட்டுக்கு அனுப்பவும் செய்யலாம். முன்பு, ஒரே மொழி பேசும் இரண்டு நாடுகள் அதே நூலைத் தனித்தனியாக பிரெயிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தன; விதிவிலக்கு எல்லையைத் தாண்டாது என்பதே காரணம். பல நாடுகளில் பரவிக் கிடக்கும் மொழிகளுக்கு எல்லை தாண்டும் இந்தப் பிரிவுதான் பெரும் பயன். பூட்டுகள் இந்த உரிமைக்குத் தடையாகாதபடி நாடுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது.

பழங்காலச் சிலையின் படத்துக்கு அருங்காட்சியகம் உரிமை கோர முடியுமா?

பண்டைய எகிப்து அரசி நெஃபர்டிட்டியின், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மார்பளவுச் சிலை பெர்லினில் உள்ளது. அருங்காட்சியகம் அதை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வைத்திருந்தது. அந்தக் கோப்பைக் கேட்டு ஓர் அமெரிக்கக் கலைஞர் ஆண்டுக்கணக்கில் மனு மேல் மனு போட்டு, 2019இல் வெளியிட முடிந்தது. கோப்பைத் திறந்து சிலையைத் தலைகீழாகத் திருப்பினால், தட்டையான அடிப்பாகத்தில் வணிக நோக்கத்தைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (உரிமையாளர் எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் உரிம முறை) உரிம வாசகம் செதுக்கியதுபோல் பதிக்கப்பட்டிருந்தது! பெயர் தெரியாத எகிப்தியச் சிற்பியின் அனுமதியை அதற்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

தட்டையான பழைய ஓவியத்தை உள்ளபடி எடுத்த ஒளிப்படத்துக்குப் புதிய உரிமை பிறக்காது என்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 1999இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு நெறியாணையின் 14ஆவது பிரிவில், பொது உரிமைப் பரப்பில் உள்ள காட்சிக் கலைப் படைப்பின் நகல் தானே ஒரு புதிய படைப்பாக இருந்தாலொழிய அதற்குப் பாதுகாப்பு இல்லை என்று தெளிவாக்கியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் ஏறத்தாழ 3,75,000 படங்களையும், ஸ்மித்சோனியன் 2020இல் 28 லட்சம் படங்களையும் எந்த நிபந்தனையும் இன்றி வெளியிட்டன.

ஆயினும் பதிப்புரிமை மட்டுமே பூட்டு அல்ல. 1519இல் இறந்த லியனார்டோ டா வின்சியின் புகழ்பெற்ற வரைபடம் ஒன்றை விளையாட்டுப் புதிரில் பயன்படுத்திய ரேவன்ஸ்பர்கர் நிறுவனத்தை, பதிப்புரிமை கொண்டல்லாமல் பண்பாட்டு மரபுச் சட்டம் கொண்டு 2022இல் வெனிஸ் நீதிமன்றம் தடுத்தது. அந்தச் சட்டம் இத்தாலிக்கு வெளியே செல்லாது என்று 2024இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் கூறியது.

நாட்டுப்புறப் பாட்டைப் பதிவு செய்தால் உரிமை யாருக்கு?

பாட்டு வழிவழியாக வந்ததானால் அதற்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. 1996ஆம் ஆண்டின் நிகழ்த்துநர், ஒலிப்பதிவு ஒப்பந்தம் நாட்டார் கலை வெளிப்பாடுகளை நிகழ்த்துபவரையும் வெளிப்படையாகவே அந்த வரையறைக்குள் சேர்த்தது. பதிவு செய்தவருக்கு அந்த ஒலிப்பதிவின் மீது தனி உரிமை உண்டு. ஆகவே பாடியவரின் பெயர், பதிவு நாள், எந்தப் பயன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார் என்ற மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் வாங்கி வைப்பது பின்னாளில் பெரிய உதவியாக இருக்கும்.

உரிமைக்காலம் முடிந்துவிட்டது என்பதற்காக ஒரு சமூகத்தின் புனிதப் பாடல்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாமா?

சட்டப்படி பல நேரங்களில் வெளியிடலாம். வெளியிட வேண்டுமா என்பது வேறு கேள்வி. அநாதைப் படைப்பில் கேட்க ஆள் இல்லை. இங்கேயோ ஆள் இருக்கிறார், ஆனால் அவரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 1994இல் தீர்ப்பான தரைவிரிப்பு வழக்கு இதை விளக்கும். தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பு போன்ற வெளியீடுகளில் முறையாக அச்சான பழங்குடி ஓவியங்களை ஒரு நிறுவனம் எடுத்து, வியட்நாமில் தரைவிரிப்புகளாக நெய்து இறக்குமதி செய்தது. முன்னோர் கதைகளைத் தாங்கிய, யார் பார்க்கலாம், யார் வரையலாம் என்ற கட்டுப்பாடு கொண்ட உருவங்கள் காலடியில் மிதிபட்டன. ஓவியர்களுக்கு வந்த இழப்பு பணத்தோடு நிற்கவில்லை. அந்த உருவங்களைக் காக்கத் தவறியவர்கள் என்று தம் சமூகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. இழப்பீட்டைக் கணக்கிடும்போது நீதிமன்றம் அந்தப் பண்பாட்டுத் தீங்கையும் சேர்த்துக்கொண்டது. 1998இல் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம், குலத்துக்குப் பதிப்புரிமையில் பங்கில்லை என்றாலும், அதன் மரபை வரையும் ஓவியர் குலத்தின் நலனுக்குக் கட்டுப்பட்டவர் என்றது. வாழும் ஓவியர் ஒருவர் இருந்ததால்தான் இந்த வாசலும் திறந்தது. ஓவியம் நூறாண்டு பழையதாக இருந்திருந்தால் வழக்கே நின்றிருக்காது.

தொடக்ககால ஒலிப்பதிவுக்குப் பயன்பட்ட மெழுகு உருளைகளின் கதை இன்னொரு வழியைக் காட்டுகிறது. 1890இல் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மெய்ன் மாநிலத்தில் வாழும் பாசமக்வாடி பழங்குடி மக்களின் பாட்டுகளையும் கதைகளையும் எடிசனின் ஒலிவரைவியில் பதிந்தார். களத்தில் எடுக்கப்பட்ட ஒலிப்பதிவுகளில் மிகப் பழையவை அவை. உருளைகள் கடைசியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பாடியவர்களின் வழித்தோன்றல்களுக்கோ ஒரு நூற்றாண்டுக் காலம் அவற்றின் மீது எந்தப் பிடியும் இல்லை. பின்னர் நூலகம் அவற்றைப் புதிதாக எண்ணிமமாக்கியபோது, இரைச்சலுக்கு அடியில் கேட்கும் சொற்களைப் பாசமக்வாடி பெரியவர்கள் செவிமடுத்துப் பிரித்து எழுதினார்கள். நூலகத்தின் பட்டியலில் இன்று ஒவ்வொரு பதிவுக்கும் அருகே, இது விற்பனைக்கு அல்ல, இதற்குரிய முறைப்படி பயன்படுத்த வேண்டும் என்பது போன்ற அடையாளச் சீட்டுகள் அவர்கள் மொழியிலேயே இடம்பெறுகின்றன. எந்தப் பதிவு பொதுமக்களுக்கு, எது தமக்குள் மட்டும் என்பதையும் அந்தச் சமூகமே சொன்னது. மரபறிவுச் சீட்டுகள் எனப்படும் இவற்றுக்குச் சட்ட வலு இல்லை. ஆயினும் படிப்பவர் அறியாமல் தவறு செய்வதை அவை தடுக்கின்றன.

உலக அறிவுசார் சொத்து அமைப்பு இது பற்றிப் பேச 2000இல் ஒரு குழு அமைத்தது. 2024 மே மாதத்தில் மரபணு வளங்களும் அவற்றோடு சேர்ந்த மரபறிவும் குறித்த ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அது காப்புரிமை விண்ணப்பங்களில் மூலத்தை வெளியிடுவது பற்றியது. பாட்டும் நடனமும் ஓவியமும் இன்னும் பேச்சுவார்த்தை மேசையில்தான் இருக்கின்றன.

எங்கள் படைப்புக்கு எந்தத் திறந்த உரிமம் பொருத்தம்?

கிரியேட்டிவ் காமன்ஸ் 2002 இறுதியில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. இன்று ஆறு உரிமங்களும், உரிமையையே விட்டுக்கொடுக்கும் ஓர் ஆவணமும் உள்ளன. தழுவலைத் தடுக்கும் உரிமத்தைத் தேர்ந்தால் எவரும் மொழிபெயர்த்து வெளியிட முடியாது. வணிகத்தைத் தடுக்கும் உரிமத்தைத் தேர்ந்தால் விக்கிப்பீடியா அதை ஏற்காது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எண்ணி இந்த இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள், பெரும்பாலும் தாம் விரும்பிய பயன்பாட்டையே அடைத்துவிடுகிறார்கள். ஒருமுறை தந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. சமூகத்துக்கு உரியதைத் தனியொருவர் இப்படித் தந்துவிடவும் கூடாது.

பொது உரிமைப் பரப்பில் உள்ள இசையை நானே வாசித்து ஏற்றினாலும் ஏன் தடுக்கப்படுகிறது?

யூடியூப் 2007இல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி போன்ற அமைப்புகள், ஏற்றப்படும் ஒலியை உரிமையாளர்கள் தந்த மாதிரிகளோடு ஒப்பிடுகின்றன. 1750இல் மறைந்த ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இயற்றியதைப் பியானோவில் வாசித்தால், யாரோ ஒருவரின் பதிவோடு அது ஒத்திருக்கத்தானே செய்யும்? வெறும் இரைச்சல் மட்டுமே கொண்ட பத்து மணி நேரக் காணொளிக்கு ஐந்து உரிமைக் கோரிக்கைகள் வந்த செய்தி 2018இல் வெளியானது. மாதிரி தரும் வசதி பெரிய நிறுவனங்களுக்கே இருப்பதால், ஒரு மரபு மெட்டை முதலில் வணிகப் பதிவாக்கியவர் அதன் உடையவர்போல் தோன்றிவிடுகிறார். மறுப்புத் தெரிவிக்கும்போது இயற்றியவர் இறந்த ஆண்டையும், வாசித்தது தாமே என்பதையும் எழுதினால் பெரும்பாலும் விடுவிக்கப்படும். ஐரோப்பாவில், சட்டப்படியான உள்ளடக்கத்தைப் பிரித்தறியாத வடிகட்டி ஏற்கத்தக்கதல்ல என்று ஒன்றிய நீதிமன்றம் 2022இல் கூறியுள்ளது.

செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு இந்தத் தொகுப்புகளைப் பயன்படுத்தலாமா?

ஜப்பான் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தரவுப் பகுப்பாய்வுக்கு விரிவாக இடம் தந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஆய்வு நிறுவனங்களுக்குத் தடையின்றியும், மற்றவர்களுக்கு உரிமையாளர் மறுக்காத வரையிலும் அனுமதித்தது. எழுத்து குறைவாக உள்ள மொழிகளில், பொது உரிமைப் பரப்பை மட்டும் நம்பினால் கணினி நூறாண்டுக்கு முந்தைய நடையைத்தான் கற்கும். தற்கால எழுத்தாளர்களிடம் உரிமம் பெற்று, அதற்கு ஊதியமும் தருவது நேர்மையான வழி.

ஒரு பழைய தொகுப்பை இணையத்தில் ஏற்ற நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

பட்டியலிலிருந்து தொடங்குங்கள். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் ஆகிய விவரங்களை வெளியிட எவரிடமும் அனுமதி தேவையில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்தே சில வாரிசுகள் தாமாக வந்து பேசுவார்கள். அடுத்து ஆசிரியர்களின் இறப்பு ஆண்டைத் தேடி, காலம் முடிந்தவை, உரிமையாளர் தெரிந்தவை, தெரியாதவை, சமூகத்தைக் கேட்க வேண்டியவை என்று பிரியுங்கள். எங்கே தேடினீர்கள், யாருக்கு எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். பின்னர் யாரேனும் கேட்டால் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டதற்கு அதுவே சான்று. ஸ்கேன் செய்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பாதுகாப்பதற்காகப் பிரதி எடுக்கப் பல நாடுகளின் சட்டம் நூலகங்களுக்கும் காப்பகங்களுக்கும் இடம் தருகிறது. தாளும் ஒலிநாடாவும் உரிமைச் சிக்கல் தீரும் வரை பொறுத்திருப்பதில்லை.

ஒவ்வொரு பக்கத்திலும் தொடர்பு முகவரி ஒன்றைத் தெளிவாக வையுங்கள். உரிமையாளரோ சமூகத்தாரோ மறுப்புத் தெரிவித்தால் கோப்பை உடனே பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள். ஆனால் காப்பகப் பிரதியை அழித்துவிடாதீர்கள். ஏன் எடுக்கப்பட்டது, யார் கேட்டார், எப்போது மீண்டும் திறக்கலாம் என்ற குறிப்போடு அதை உள்ளே வைத்திருங்கள்.